உரிமம் இன்றி வானில் பறக்கலாமா?

சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளை ஓட்ட வேண்டுமானால் லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் போலீஸ்காரரிடம் அகப்பட்டுக்கொண்டவர் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, ஒருவர் தமக்குச் சொந்தமான சிறு விமானம் ஒன்றில் ஏறி, இயந்திரத்தை முடுக்கி, யாரிடமும் எந்தச் சீட்டும் வாங்காமல் ஆகாயத்தில் பறந்து திரும்பலாம் என்றும், சட்டம் அவரைத் தடுக்காது என்றும் சொன்னால் நம்புவது கடினந்தான். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1982ஆம் ஆண்டு முதல் இது நடைமுறையில் இருந்து வருகிறது. அந்த வகை விமானத்துக்கு அங்கே பதிவெண் கிடையாது. ஓட்டுகிறவருக்குத் தேர்வு கிடையாது. மருத்துவச் சோதனையும் கிடையாது.

இச்செய்தியை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, ‘அப்படியானால் நாமும் ஒன்றை வரவழைத்துப் பறந்து பார்க்கலாமே’ என்று எண்ணும் இளைஞர்கள் நம் பினாங்கிலும் இல்லாமற் போகமாட்டார்கள். ஆசை தவறானது அன்று. ஆயினும் அந்தச் சலுகை எங்கிருந்து வந்தது, அது எதைக் கைவிட்டது, எதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆசைப்படுவது நல்லது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். விமானத்தை உடைமையாக வைத்திருப்பது வேறு. அதை ஓட்டுவது வேறு. கார் வாங்கிய செல்வர் சாரதியை அமர்த்திக்கொள்வது போல, விமானம் வாங்கியவரும் உரிமம் பெற்ற விமானி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். சொந்தக்காரர் விமானியாக இருந்தே தீரவேண்டும் என்று எந்த நாட்டிலும் கேட்பதில்லை. பெரும்பாலான விமானங்களுக்கு வேண்டியது பதிவும், பறக்கத் தகுந்தது என்ற சான்றுமே. சிக்கல் தொடங்குவது, சொந்தக்காரர் தாமே ஓட்டுநர் ஆசனத்தில் உட்காரும்போதுதான்.

உரிமமே இல்லாமல் பறந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து வரலாற்றில் சென்னை நகருக்கும் ஓர் இடம் உண்டு. மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலையில்) பெரிய ஓட்டல் ஒன்றை நடத்திவந்தவர் ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ். கார்சிக்காத் தீவிலிருந்து வந்து சென்னையில் தொழில் செய்தவர். 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரெஞ்சுக்காரராகிய லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் டி ஏஞ்செலிசுக்கும் அந்தப் பித்துப் பிடித்தது. இரட்டை இறக்கை விமானம் ஒன்றுக்குத் தாமே திட்டம் வரைந்தார். கோச்சு வண்டி கட்டுவதில் பேர்பெற்றிருந்த சிம்சன் கம்பெனியார் அதைக் கட்டிக் கொடுத்தனர். 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுச் சோதித்துவிட்டு, பிறகு தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார். இந்திய மண்ணில் நடந்த முதல் விமானப் பறப்பு 1910 டிசம்பரில் அலகாபாத்தில் நிகழ்ந்தது என்று பல நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. பல்லாவரம் அதற்கு ஒன்பது மாதம் முந்தியது.

ஓட்டல் முதலாளியான அவர் எந்த விமானப் பள்ளியில் படித்தார், எந்தத் தேர்வில் தேறினார் என்று கேட்பதில் பொருளில்லை. சென்னையில் அப்போது பள்ளியும் இல்லை, தேர்வும் இல்லை. இங்கிலாந்திலேயே முதல் விமானிச் சான்றிதழ் மூர் பிரபசான் என்பவருக்கு வழங்கப்பட்டது அதே 1910 மார்ச்சு 8ஆம் நாள்தான். அதை வழங்கியதும் அரசாங்கம் அன்று. ராயல் ஏரோ கிளப் என்ற சங்கம். அந்நாளில் சான்றிதழ் என்பது ஒரு கௌரவப் பட்டம். அது இல்லாதவனைக் கீழே இறக்க எந்தப் போலீஸ்காரருக்கும் அதிகாரம் இல்லை.

கௌரவப் பட்டம் கட்டாயச் சீட்டாக மாறியதற்குக் காரணம் முதல் உலகப் போர். போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்களும் விமானிகளும் வேலையின்றி நின்றார்கள். நாட்டெல்லைகளைத் தாண்டிப் பறக்கும் வண்டிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. 1919 அக்டோபர் 13ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, நாடுகளுக்கிடையே பறக்கும் விமானத்துக்குத் தகுதிச் சான்றும் அதை ஓட்டுகிறவருக்குத் திறமைச் சான்றும் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோவில் உருவான உடன்படிக்கை அதையே விரிவுபடுத்தியது. இன்று உலக நாடுகளின் விமானச் சட்டங்களுக்கெல்லாம் அதுவே வேர். இடையில், 1929 பிப்ரவரி 10ஆம் நாள், இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் எண் உரிமத்தை ஜே. ஆர். டி. டாட்டா பெற்றார்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் திறக்கப்பட்டது 1935இல். 1937 ஜூனில் வேர்ன்ஸ் கம்பெனியின் சிறு விமானங்கள் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பினாங்குக்கு வரத் தொடங்கின. ஆக, நம் தீவுக்கு விமானப் போக்குவரத்து வந்தபோதே சட்டமும் கூடவே வந்துவிட்டது. டி ஏஞ்செலிசுக்குக் கிடைத்த வெற்று வானம் பினாங்குக்காரருக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இறுகிய பிறகு, ‘ஏழைக்கும் இறக்கை வேண்டாமா?’ என்று கேட்ட ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். அவர் பிரான்சு நாட்டு ஹென்றி மிஞே. விமானம் ஓட்டுவதில் கைக்கும் காலுக்கும் உள்ள ஒத்திசைவுதான் பழகுகிறவர்களைத் திணற வைக்கிறது. ஆகவே காலுக்கு வேலையே இல்லாத விமானம் ஒன்றைச் செய்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள், கையில் ஒரே ஒரு கோல், மோட்டார் சைக்கிள் இயந்திரம் போன்ற ஒரு சிற்றியந்திரம், இவ்வளவுதான். 1933 செப்டம்பரில் அது பறந்தது. அடுத்த ஆண்டே அவர் ஒரு நூலை வெளியிட்டு, சாதாரணத் தச்சுவேலை தெரிந்தவன் வீட்டிலேயே அதைச் செய்துகொள்வதற்கும், செய்ததைத் தானே ஓட்டிப் பழகிக்கொள்வதற்கும் வழி சொன்னார். 1935 ஆகஸ்டு 13ஆம் நாள் அவரே அதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டியதும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கொட்டகைதோறும் தச்சுவேலை தொடங்கிவிட்டது. மக்கள் அதற்கு ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று செல்லப் பெயர் வைத்தனர்.

அடுத்த ஆண்டே சாவுகள் வரத் தொடங்கின. விமானம் மூக்கைத் தாழ்த்திப் பாயும். பிறகு எழவே எழாது. நேரே தரையில் மோதும். ஓட்டியவர்களின் பிழை என்று முதலில் எண்ணினார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் காற்றுக் குகை எனப்படும் சோதனைக் கூடங்களில் விமானத்தை வைத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. மூக்கை நிமிர்த்த ஓட்டுநர் கோலைத் தம்பக்கம் இழுக்கிறார். முன்னிறக்கை சாய்ந்து மேலே தூக்க முயல்கிறது. ஆனால் மிக நெருங்கி நின்ற இரண்டு இறக்கைகளுக்கும் இடையே உள்ள சந்து வழியாகப் பாயும் காற்று, பின்னிறக்கையை அதைவிட வலுவாகத் தூக்கிவிடுகிறது. வால் மேலே போகிறது; மூக்கு மேலும் கீழே போகிறது. அதாவது, தப்பிப்பதற்கென்று ஓட்டுநர் செய்யும் அதே செய்கை அவரைக் கொல்கிறது. எவ்வளவு நல்ல பயிற்சி பெற்றவராலும் அந்த நிலையிலிருந்து மீள முடியாது. இங்கிலாந்தில் அந்த விமானத்துக்குத் தடை விதித்தார்கள். மிஞே குறையைத் திருத்தினார். திருத்திய வடிவங்கள் இன்றும் பிரான்சில் பறக்கின்றன. ஆனால் முதல் வடிவத்தை நம்பி உட்கார்ந்தவர்கள் திரும்பி வரவில்லை.

இந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உரிமம் என்பது ஆளைச் சோதிப்பது மட்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதனோடு சேர்ந்தே வரும் இன்னொரு சோதனை வண்டியைச் சோதிப்பது. பின்னாளில் வந்த சலுகை இரண்டையும் ஒருங்கே தள்ளுபடி செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சலுகைக்கு வழி திறந்தது ஒரு திரைச்சீலை. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948இல் வளையும் இறக்கை ஒன்றைக் கண்டுபிடித்தனர். சட்டமும் விறைப்பும் இல்லாத அந்த முதல் இறக்கையை அம்மையார் அடுப்பங்கரைத் திரைச்சீலையைக் கொண்டு தைத்தார். 1963இல் ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்கென்சன் அதைப் போன்ற இறக்கையின் கீழ் ஒரு முக்கோணச் சட்டத்தைக் கட்டி, மனிதன் தொங்கிக்கொண்டு பறக்கும்படி செய்தார். குன்றிலிருந்து ஓடிக் குதித்துப் பறக்கும் விளையாட்டு பரவியது. 1970களின் நடுவில் அமெரிக்கர் சிலர் அந்த இறக்கையில் சிற்றியந்திரத்தையும் மாட்டிவிட்டார்கள். ஓட்டுநரின் கால்களே சக்கரம். காலால் ஓடி எழும்புவது விமானமா, பட்டமா என்று அதிகாரிகளுக்கே விளங்கவில்லை. சில ஆண்டுகளில் சக்கரமும் இருக்கையும் சேர்ந்தன. கணக்கற்றவர்கள் வாங்கிப் பறந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் துரத்திப் பிடிப்பதைவிட ஒரு கோடு கிழித்துவிடுவது மேல் என்று அமெரிக்க விமான நிர்வாகம் முடிவு செய்தது. 1982இல் வந்த ‘103ஆம் பகுதி’ என்ற விதி அந்தக் கோடுதான்.

அதன்படி வண்டி ஒருவர் மட்டும் அமரக்கூடியதாக இருக்க வேண்டும். இயந்திரம் உள்ள வண்டியின் வெற்று எடை 254 இராத்தலுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். எரிபொருள் ஐந்து அமெரிக்கக் காலன், சுமார் 19 லிட்டருக்கு மேற்படக் கூடாது. முழு விசையில் மட்டமாகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 102 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இயந்திரத்தைத் தணித்தால் மணிக்கு 44 கிலோமீட்டர் அளவு மெதுவாகவும் அது பறக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகத்திலேயே இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடக் கூடாது. பொழுதுபோக்குக்கு மட்டுமே பறக்கலாம்; கூலிக்குப் பறக்கக் கூடாது. பகலில் மட்டுமே பறக்கலாம். நகரங்களின் நெருக்கமான பகுதிக்கு மேலும், திறந்தவெளியில் கூடியுள்ள மக்களுக்கு மேலும் பறக்கவே கூடாது.

இந்த எண்களை யாரோ அதிகாரி தோன்றியபடி எழுதிவைத்தார் என்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த இயக்க ஆற்றல் கணக்கை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். ஓடும் பொருளின் ஆற்றல் எடையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. விமானப் பள்ளிகளில் வழங்கும் நான்கு இருக்கைச் செஸ்னா விமானம் நிறைசுமையில் ஏறத்தாழ 1,100 கிலோ. அது தரையிறங்கும் குறைந்த வேகம் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். உரிமம் வேண்டாத வண்டியோ ஆளும் எண்ணெயும் சேர்ந்து 200 கிலோ அளவு, வேகம் பாதி. எடையில் ஐந்தரை மடங்கு, வேக வர்க்கத்தில் நான்கு மடங்கு. பெருக்கினால் செஸ்னாவின் மோதல் வலிமை இருபது மடங்குக்கு மேல் வருகிறது. ஒரு வீட்டுக் கூரையில் எது விழுந்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். சட்டம் கோடு கிழித்தது இங்கேதான்: கீழே இருப்பவனுக்கு வரக்கூடிய தீங்கு சிறியது, ஆகவே மேலே இருப்பவனை அவன் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

மேலே இருப்பவனின் கணக்கு வேறு. மணிக்கு 44 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவது ஏழரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதுவே அந்த வண்டியின் மிக மெதுவான வேகம். 102 கிலோமீட்டரில் மோதினால் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். ‘சிறிய விமானம், ஆபத்தும் சிறியது’ என்ற பேச்சு கூரைக்குப் பொருந்தும், பறப்பவனுக்குப் பொருந்தாது.

விதியில் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டிய சொல் ‘ஒருவர் மட்டும்’ என்பது. பயணியை ஏற்றி அவர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த நிபந்தனை அது. ஆனால் ஒற்றை இருக்கை வண்டியில் ஆசிரியருக்கும் இடம் இல்லை. தேர்வைத் தள்ளுபடி செய்த சட்டம் தன்னையறியாமல் ஆசிரியரின் நாற்காலியையும் எடுத்துவிட்டது. மாணவனின் முதற் பறப்பே தனிப் பறப்பு. நீந்தத் தெரியாதவனை நடுக்குளத்தில் தள்ளிவிட்டுக் கரையிலிருந்து கத்திச் சொல்லிக்கொடுப்பது போன்ற காரியம் இது. இக்குறையை அமெரிக்கரும் உணர்ந்தே இருந்தார்கள். பயிற்சிக்காக மட்டும் இரண்டு இருக்கை வண்டிகளை அனுமதிக்கும் தனிவிலக்குகள் பல ஆண்டுகள் நடப்பில் இருந்தன. 2004இல் விளையாட்டு விமானிகளுக்கென எளிய உரிமம் ஒன்று ஏற்பட்ட பிறகு, 2008 ஜனவரியோடு அவ்விலக்குகள் முடிந்தன. இன்று அங்கே அறிவுள்ளவர் எவரும், உரிமம் வேண்டாத வண்டியை வாங்குமுன், உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவரோடு இரட்டை இருக்கை விமானத்தில் பல மணி நேரம் பறந்து பழகிக்கொள்கிறார். சட்டம் கேட்கவில்லை, அவர்களாகவே செய்துகொள்கிறார்கள்.

மற்ற நாடுகள் இவ்வளவு தூரம் போகவில்லை. இங்கிலாந்து 2014இல் மொத்த எடை 300 கிலோவுக்கு உட்பட்ட ஒற்றை இருக்கைச் சிறு விமானங்களுக்குத் தகுதிச் சோதனையை நீக்கியது. ஆனால் ஓட்டுநருக்கு உரிமம் வேண்டும் என்பதை விடவில்லை. வண்டியை நம்பினார்கள், ஆளைச் சோதித்தார்கள். காலால் ஓடி எழும்பும் பாராமோட்டாருக்கு மட்டும் அங்கே உரிமம் கேட்பதில்லை. இந்தியாவில் மைக்ரோலைட் எனப்படும் இரட்டை இருக்கைச் சிறு விமானத்தை ஓட்டவும் உரிமம் வேண்டும்.

இனி நம் பினாங்குக்கு வருவோம். அமெரிக்க விதி அமெரிக்க வானத்துக்கு உரியது. பெட்டியில் வரும் வண்டியோடு சேர்ந்து அது கப்பலேறி இங்கே வந்துவிடாது. மலேசியாவில் விமானப் போக்குவரத்தை ஆள்வது 1969ஆம் ஆண்டின் சிவில் விமானச் சட்டம். முன்னர்த் துறையாக இருந்து, 2018 பிப்ரவரியில் தனி ஆணையமாக மாறிய மலேசிய சிவில் விமான ஆணையம் அதை நடத்துகிறது. அதனிடம் கேட்காமல் எந்த வண்டியையும் வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதாகவே முடியும்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தாலும் நிலைமை விளங்கும். தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸ். கால்வாய்க்கு அப்பால், 1941இல் பிரிட்டிஷ் விமானப் படை திறந்து, இன்று மலேசிய விமானப் படையின் கையிலுள்ள பட்டர்வொர்த் தளம். இரண்டுக்கும் நடுவில் ஜார்ஜ் டவுன். ஒரு புறம் பயணிகள் விமானங்கள், மறுபுறம் போர் விமானங்கள். இவற்றுக்கிடையே மணிக்கு எண்பது கிலோமீட்டரில் ஊர்ந்துசெல்லும் துணி இறக்கை வண்டிக்கு இடம் ஏது? நெருக்கமான பகுதிக்கு மேல் பறக்கக் கூடாது என்ற அமெரிக்க விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும், தீவின் கிழக்குக் கரை முழுவதும் அடைபட்டுப் போகும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இயந்திரம் நின்றுவிட்டால் இறங்குவதற்கு வெளியும் வேண்டும். சிறு வண்டிகளில் இயந்திரம் நிற்பது அரிய நிகழ்ச்சி அன்று; பெரிய விமான இயந்திரங்களுக்குள்ள கடுமையான சோதனை இவற்றுக்கு இல்லை. இத்தகைய வண்டி 150 மீட்டர் உயரத்தில் இயந்திரத்தை இழந்தால், காற்றில் சறுக்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு போகும், அவ்வளவே. அமெரிக்காவின் சோளவயல் நாட்டில் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் நூறு இடம் கிடைக்கும். பினாங்கு நகரத்தில் பாடாங் கோத்தாவையும் குதிரைப் பந்தயத் திடலையும் விட்டால் கூரையும் கம்பியும் கடலுந்தான். தீவின் நடுவே காடடர்ந்த மலைகள். பெருநிலத்துச் செபராங் பிறையிலோ செம்பனைத் தோட்டங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. மேலிருந்து பார்க்கப் பச்சைக் கம்பளம் போலத் தோன்றும் தோட்டத்தில், முள்மட்டைகளுக்கு நடுவே வண்டியை இறக்குவது எப்படிப்பட்ட காரியம் என்பதைச் செம்பனை வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அறுவடை முடிந்த நெல்வயல் ஒன்றே நம்பக்கூடிய இடம். அதுவும் நீர் வற்றியிருக்கும் நாட்களில் மட்டும்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து தாக்கும் ‘சுமத்ரா’ புயற்காற்றை மேற்குக் கரையில் வாழ்கிறவர்கள் அறிவார்கள். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வீசும். சிறு வண்டிகளுக்கு உகந்த நேரம் காற்று அடங்கியிருக்கும் அதிகாலை என்று மேல்நாட்டு நூல்கள் சொல்கின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இங்கே அந்த அதிகாலையிலேயே சுமத்ரா வரக்கூடும். வண்டியின் முழு வேகம் நூறு, எதிர்க்காற்று எண்பது என்றால், ஓட்டுநர் மணிக்கு இருபது கிலோமீட்டரில் கரையை நோக்கி ஊர்ந்துகொண்டிருப்பார். எரிபொருளோ 19 லிட்டர்.

பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் பாராசூட்டில் தொங்கி உயரே போவதைப் பார்த்து, ‘இவர்களுக்கு மட்டும் உரிமம் வேண்டாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டவில்லை, விசைப்படகு அவர்களை இழுக்கிறது. கயிற்றின் மறுமுனையில் படகைப் பிடித்திருப்பவரிடமே எல்லாப் பொறுப்பும் இருக்கிறது.

பறக்க வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே உள்ள இளைஞருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. தனியார் விமானி உரிமத்துக்கு அனைத்துலக விதி கேட்பது பதினேழு வயதும், குறைந்தது நாற்பது மணி நேரப் பறப்பும், மருத்துவச் சான்றும், தேர்வுகளுமே. செலவு பெரிது என்பதை மறைப்பதற்கில்லை. மிஞேயின் காலத்தில் ஏழையைத் தடுத்த அதே சுவர் இன்றும் நிற்கிறது. நாற்பது மணிக்கும் சேர்த்துப் பணம் புரட்ட முடியாதவர், விமானப் பயிற்சிக் கழகங்கள் நடத்தும் அறிமுகப் பறப்பு ஒன்றுக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, ஆசிரியரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம். கோலைச் சிறிது நேரம் கையில் கொடுப்பார்கள். நேராகப் பறப்பது எளிது என்று தோன்றும். பிறகு ஆசிரியர் இயந்திரத்தைத் தணித்துவிட்டு, ‘இப்போது எங்கே இறங்குவாய், காட்டு’ என்று கேட்பார்.